வலையமைப்பின் வழியே லினக்ஸை நிறுவுதல்: சாதக பாதகங்கள்

கணிப்பொறி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அதனை இயக்கும் தளம் உள்ளே அமைக்கப்படும் வரையில் அது பயனற்றதொரு பெட்டியே ஆகும். விசைப்பலகையின் எழுத்தைப் படிப்பதும், திரையில் அதனைக் காட்டுவதும், வட்டில் கோப்பைச் சேமிப்பதும் இயக்கு தளத்தின் பணிகளேயாம். இத்தகைய தளங்களுள் லினக்ஸ் தனிச் சிறப்பு வாய்ந்தது. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை எழுதத் தொடங்கினார். எவரும் கட்டணமின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்துடன் அது பரவியது. 2017 நவம்பர் முதல், உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெறும் யந்திரங்கள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

ஒரே ஒரு கணிப்பொறியில் லினக்ஸை நிறுவுவது கடினமன்று. ஒரு பென் டிரைவும் அரை மணி நேர ஓய்வும் போதும். ஆனால் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருபது, கல்லூரியில் நாற்பது, பல்கலைக் கழகத்தில் சில நூறு என்று எண்ணிக்கை பெருகும்போது நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு யந்திரத்தின் முன்பும் ஒருவர் அமர்ந்து, அதே கேள்விகளுக்கு அதே விடைகளைத் தட்டிக்கொண்டிருப்பது காலத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும். மேலும், முப்பதாவது யந்திரத்தில் கை சோர்ந்து ஏதேனும் ஒரு விடை மாறிவிடுதல் இயல்பே. இக்குறையை நீக்க எழுந்ததே வலையமைப்பின் வழியே நிறுவும் முறை. இதன் நன்மைகள் பல; இடர்களும் உள. இவற்றை நன்கு ஆராயாமல் இம்முறையை மேற்கொள்ளும் நிலையம், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு வாரத்தைச் செலவிட நேரலாம். வட்டிலுள்ள மாணவர் பதிவேடுகளை இழக்கவும் நேரலாம்.

சித்தூர், திருப்பதி ஆகிய பகுதிகள் இந்த ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமானவை. ஏனெனில், வலையமைப்பு வசதியின் இரு எல்லைகளும் இங்கு அருகருகே காணப்படுகின்றன. திருப்பதியில் 1954-ல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் உள்ளது. 2015-ல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் ஏர்ப்பேட்டுப் பகுதியில் அமைந்துள்ளன. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில், 1,024 யாகி வான்கம்பிகளைக் கொண்ட 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு மேல் வளிமண்டலத்தை ஆராயும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. இன்னொரு புறத்திலோ, குப்பம், சத்தியவேடு, நகரி முதலிய எல்லைப் பகுதிகளிலும் மலையடிவாரச் சிற்றூர்களிலும் உள்ள பள்ளிகளுக்கு இணைய வசதி பெரும்பாலும் ஒரு மெல்லிய கம்பியையோ கைபேசி அலையையோ பொறுத்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும், இரு மாவட்டங்களின் கல்வி நிலையங்களுக்கு முன்னுள்ள வினா ஒன்றே: இங்குள்ள கம்பிக்கு எந்த முறை ஏற்றது?

மூவகை முறைகள்

வலையமைப்பின் வழியே நிறுவுதல் என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு முறைகள் வழங்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறியாமையே பல குழப்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, சிறு துவக்க முறை. சில நூறு மெகாபைட் அளவே உள்ள சிறிய நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றி யந்திரத்தைத் துவக்கவேண்டும். அந்நிறுவி எஞ்சிய மென்பொருள் பொதிகளை எல்லாம் இணையத்திலிருந்து நேரே இறக்கிக்கொள்ளும். 1993-ல் தொடங்கிய டெபியன் திட்டம் ‘நெட்இன்ஸ்ட்’ என்ற பெயரில் இதனை வழங்குகிறது.

இரண்டாவது, முழுத் துவக்க முறை. இதில் பென் டிரைவும் தேவையில்லை. யந்திரத்தின் வலையட்டையே முதல் அடியிலிருந்து வலையமைப்பைக் கேட்டுத் துவங்கும். இன்டெல் நிறுவனம் வகுத்து 1999-ல் 2.1 பதிப்பாக வெளியிட்ட பி.எக்ஸ்.இ. என்னும் விதிமுறையே இதன் அடிப்படை.

மூன்றாவது, வட்டில்லா முறை. இதில் எதுவும் நிறுவப்படுவதே இல்லை. யந்திரம் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தன் தளத்தைச் சர்வரிலிருந்தே பெறுகிறது. பழைய யந்திரங்களைப் பள்ளிகளில் மீண்டும் பயன்படுத்த இம்முறை உதவியுள்ளது. ஆனால் சர்வர் நின்றால் வகுப்பே நின்றுவிடும். இக்கட்டுரையில் முதல் இரு முறைகளே முக்கியமாக ஆராயப்படுகின்றன.

இயங்கும் விதம்

முழுத் துவக்க முறையில் நிகழ்வதைப் படிப்படியாகக் காண்பது பயன் தரும்.

மின்விசையை அழுத்தியதும், வலையட்டையின் நிரந்தர நினைவகத்திலுள்ள சிறு நிரல் விழித்தெழுகிறது. அதற்கு அப்பொழுது முகவரி ஏதும் கிடையாது. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. ஆகவே அது வலையமைப்பிலுள்ள அனைவரையும் நோக்கி, ‘எனக்கு முகவரி தருவோர் உளரா? துவங்குவதற்குரிய கோப்பு எங்கே?’ என்று பொருள்படும் செய்தியைப் பரப்புகிறது. டி.எச்.சி.பி. எனப்படும் சேவை, முகவரி ஒன்றையும் துவக்கக் கோப்பின் பெயரையும் விடையாக அனுப்புகிறது. 1985-ல் வகுக்கப்பட்ட பூட்பி என்னும் விதிமுறை 1993-ல் வளர்ந்து டி.எச்.சி.பி. ஆயிற்று.

அடுத்து, அக்கோப்பு டி.எஃப்.டி.பி. என்னும் மிக எளிய விதிமுறையால் இறக்கப்படுகிறது. கோப்பு 512 பைட் கொண்ட துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு வந்ததும் யந்திரம் ‘பெற்றேன்’ என்று விடை அனுப்பும். அவ்விடை சர்வரைச் சேர்ந்த பின்னரே அடுத்த துண்டு புறப்படும். ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்து சொன்ன பிறகே அடுத்த செங்கல்லைக் கையில் கொடுக்கும் மேஸ்திரியைப் போன்றது இது. இவ்விதம் லினக்ஸின் கருவும் நிறுவியும் நினைவகத்தில் ஏறியபின், நிறுவி விழித்தெழுந்து எஞ்சிய பொதிகளை விரைவான எச்.டி.டி.பி. முறையால் பெறுகிறது.

நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு மனிதர் விடையளிக்க வேண்டியதில்லை. விடைகளை முன்னரே எழுதிய கோப்பு ஒன்றைச் சர்வரில் வைக்கலாம். ரெட் ஹாட் வகையில் இதற்குக் ‘கிக்ஸ்டார்ட்’ என்றும், டெபியனில் ‘பிரிசீட்’ என்றும், சூசேயில் ‘ஆட்டோயாஸ்ட்’ என்றும் பெயர். உபுண்டு 2020-ஆம் ஆண்டின் 20.04 பதிப்பு முதல் ‘ஆட்டோஇன்ஸ்டால்’ என்ற வடிவைக் கொண்டுள்ளது. வட்டை எவ்வாறு பிரிப்பது, எந்த மொழி, எந்த நேர மண்டலம், எந்தெந்தப் பொதிகள் என்பன யாவும் இவ்விடைக் கோப்பில் அடங்கும்.

சாதகங்கள்

முதற்கண் கூறத்தக்கது ஒருமைப்பாடு. நாற்பது யந்திரங்களும் ஒரே விடைக் கோப்பினால் நிறுவப்படுவதால் நாற்பதும் ஒரே நிலையில் இருக்கும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் கட்டளை எந்த மாணவரின் யந்திரத்திலும் ஒரே விளைவைத் தரும். செய்முறைத் தேர்வு நடத்துவோர் இதன் அருமையை நன்கு அறிவர்.

இரண்டாவது, புதுமை. ஓராண்டுக்கு முன் தயாரித்த பென் டிரைவால் நிறுவினால், நிறுவி முடித்தபின் அவ்வோராண்டில் வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் மீண்டும் இறக்க வேண்டும். அதாவது ஒரே பொதி இருமுறை வந்து சேர்கிறது. வலையமைப்பு முறையில் அன்றைய பதிப்பே நேரே வருகிறது.

மூன்றாவது, வேண்டியதை மட்டும் பெறுதல். 2023-ல் வெளிவந்த டெபியன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. பள்ளி ஒன்றுக்குத் தேவைப்படுவன அவற்றுள் மிகச் சிலவே. சித்தூர் மாவட்டத்தின் எல்லைப் பகுதிகளில் தெலுங்கும் தமிழும் ஒரே ஊரில் பயிலப்படுகின்றன. விடைக் கோப்பில் இரு மொழிகளுக்குமுரிய பொதிகளின் பெயர்களைச் சேர்த்துவிட்டால், எழுத்துருவும் தட்டச்சு வசதியும் எல்லா யந்திரங்களிலும் தாமே அமைந்துவிடும்.

நான்காவது, பழுது நீக்கும் எளிமை. மாணவர் கையில் ஒரு யந்திரத்தின் தளம் கெட்டுப்போனால், அதனை மாலையில் வலையமைப்பு வழியே துவக்கிவிட்டுச் சென்றால் காலையில் அது புதிதாக இருக்கும். வட்டு இயக்கியோ, தேடினாலும் கிடைக்காத பழைய குறுந்தட்டோ தேவைப்படாது.

ஐந்தாவது, ஆவணம். விடைக் கோப்பு என்பது சாதாரண எழுத்தாலான கோப்பு. ஆய்வுக்கூடம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதற்கு அதுவே எழுத்து மூலமான சான்று. பொறுப்பாளர் மாற்றலாகிச் சென்றாலும் அடுத்து வருபவர் அதனைப் படித்தறிய முடியும்.

பாதகங்கள்

இவற்றுக்கு எதிராக நிற்கும் குறைகளையும் அதே கவனத்துடன் நோக்கவேண்டும்.

வெளிக்கம்பியைச் சார்ந்திருத்தல் முதற் குறை. சிறு துவக்க முறையில் ஒவ்வொரு யந்திரமும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால், ஒரே பொதி நாற்பது முறை அதே மெல்லிய கம்பியில் வரவேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் நிறுவல் பாதியில் நிற்கும். மின்சாரம் தடைப்பட்டால் அந்த யந்திரத்தைத் தொடக்கத்திலிருந்தே மீண்டும் நிறுவ நேரிடும்.

கம்பியில்லா இணைப்பு பெரும்பாலும் உதவாது என்பது இரண்டாவது குறை. வலையட்டையின் துவக்க நிரல் பொதுவாகக் கம்பி வழி இணைப்பையே அறியும். வைஃபை மட்டும் உள்ள மடிக்கணினிகளில் முழுத் துவக்க முறை இயங்காது எனலாம். வைஃபை அட்டைகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் தனி உள்நிரல் தேவை. 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பில்தான் டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் அவற்றைச் சேர்த்தது. அதற்கு முந்தைய நிறுவியைக் கையாள்வோர், வலையமைப்பை அடைவதற்கு வேண்டிய உள்நிரலையே வலையமைப்பிலிருந்து பெறவேண்டிய விசித்திரமான நிலைக்கு ஆளாவர்.

மூன்றாவது, நினைவகத் தேவை. சில நிறுவிகள் சிறியவை. பழைய யந்திரத்திலும் ஓடும். ஆனால் உபுண்டுவின் புதிய சர்வர் நிறுவி வலையமைப்பு வழியே துவங்கும்போது, முழு வட்டுப் படிமத்தையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. 2 ஜி.பி. நினைவகமுள்ள பழைய யந்திரம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆகவே நிறுவியைத் தேர்ந்தெடுக்கும்போது யந்திரத்தின் வயதையும் கருத வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. டி.எச்.சி.பி., டி.எஃப்.டி.பி. ஆகிய இரண்டிலும் அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் வழி கிடையாது. முதலில் விடையளிப்பவரை யந்திரம் நம்பிவிடுகிறது. டெபியன் போன்றவற்றின் பொதிகள் கையொப்பச் சோதனைக்கு உட்பட்டவை என்பதால் பின்வரும் கட்டங்கள் காவலுடையவை. தொடக்கக் கட்டத்திற்கு அக்காவல் இல்லை. ‘செக்யூர் பூட்’ வசதியை இயக்கி வைத்தால் ஓரளவு கிட்டும். விடைக் கோப்பினுள் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி வைத்தால், வலையமைப்பிலுள்ள எவரும் அதனைப் படிக்கலாம் என்பதும் நினைவில் இருத்தற்குரியது.

ஐந்தாவதும் மிகக் கொடியதும், தரவு அழிவு. விடைக் கோப்பு ‘வட்டு முழுவதையும் அழித்துப் பிரிக்க’ என்று கூறினால், நிறுவி ஐயுறாது அதனைச் செய்யும். ‘அழிக்கலாமா?’ என்று கேட்பதற்கு அங்கு மனிதர் இல்லை. எந்த யந்திரத்தில் வலையமைப்புத் துவக்கம் முதலிடத்தில் அமைந்துள்ளதோ, அது தவறுதலாகத் துவங்கினாலும் அழியும். அலுவலகக் கணக்குகள் உள்ள யந்திரமும், ஆய்வுக்கூட யந்திரமும் ஒரே சுவிட்சில் இணைந்திருக்கும் பள்ளிகளில் இவ்வபாயம் மெய்யானது. மேலும், நிறுவி முடித்து மீண்டும் துவங்கும் யந்திரம் மறுபடியும் வலையமைப்பையே நாடினால், மீண்டும் அழித்து மீண்டும் நிறுவும் முடிவற்ற சுழலில் அகப்படும்.

ஆறாவது, இரு தலைவர் குழப்பம். பெரும்பாலான பள்ளிகளில் இணைய ரௌட்டரே முகவரிகளை வழங்கி வருகிறது. அங்கு இரண்டாவது டி.எச்.சி.பி. சேவையைத் தொடங்கினால், இரண்டும் போட்டியிட்டு விடையளிக்கும். அதனால் சில யந்திரங்களின் இணைய வசதியே அற்றுப்போகும். பெரிய கல்லூரி வளாகத்தில் இதனைச் செய்தால் வளாகம் முழுவதுமே இடருறும்.

கணக்கு கூறும் உண்மை

சாதக பாதகங்களை வெறும் சொற்களால் எடைபோடுவதைவிட, ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறிவது தெளிவு. ஓர் ஆய்வுக்கூடத்தில் 40 யந்திரங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 2 ஜி.பி. அளவு பொதிகள் தேவை. வெளிக்கம்பியின் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்.

யந்திரங்கள் யாவும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால், மொத்தம் 80 ஜி.பி., அதாவது 6,40,000 மெகாபிட் வரவேண்டும். இதற்கு 64,000 விநாடிகள், ஏறத்தாழ 17 மணி 45 நிமிடங்கள் ஆகும். இது கம்பி ஒரு கணமும் அறாது முழு வேகத்தில் ஓடினால் மட்டுமே.

உள்ளூர்ச் சர்வர் ஒன்று, முதன்முறை வரும் பொதியைத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொண்டு, அடுத்த யந்திரங்களுக்குத் தானே வழங்கினால், வெளிக்கம்பியில் 2 ஜி.பி. மட்டுமே வரும். அதற்கு 1,600 விநாடிகள், அதாவது 27 நிமிடங்கள் போதும். பின்னர் 80 ஜி.பி.யும் உள்வலையமைப்பில் ஓடும். சர்வரின் இணைப்பு விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகமுடையதாயின் 11 நிமிடங்களும், பழைய 100 மெகாபிட் சுவிட்சாயின் 1 மணி 47 நிமிடங்களும் பிடிக்கும். பொதிகளை விரித்து வட்டில் எழுதும் நேரம் இதனுடன் சேரும். ஆனால் நாற்பது யந்திரங்களும் அதனை ஒரே சமயத்தில் செய்கின்றன.

பென் டிரைவ் முறையில் ஒரு யந்திரத்துக்கு 25 நிமிடம் என்று கொண்டால், ஒரே பென் டிரைவால் 16 மணி 40 நிமிடங்கள் ஆகும். ஐந்து பென் டிரைவுகளால் 3 மணி 20 நிமிடங்கள். அதுவரை ஒருவர் அங்கேயே நடமாடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் கவனிக்கத்தக்கது. டி.எஃப்.டி.பி. முறையில் 40 எம்.பி. அளவுள்ள துவக்கக் கோப்பு சுமார் 78,000 துண்டுகளாக வரும். சர்வர் அதே கட்டடத்தில் இருந்து, ஒரு துண்டு போய் விடை வர அரை மில்லி விநாடி ஆனால், மொத்தம் 39 விநாடிகள். அதே சர்வர் தொலைவிலுள்ள நகரத்தில் இருந்து, ஒரு சுற்றுக்கு 50 மில்லி விநாடி ஆனால், 65 நிமிடங்கள்! துண்டின் அளவைப் பெரிதாக்க 1998-ல் வகுக்கப்பட்ட விதி இத்தாமதத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. வெளிக்கம்பி எவ்வளவு அகலமாயினும் இத்தாமதம் நீங்காது. ஏனெனில் இது அகலத்தால் வருவதன்று, தொலைவால் வருவது. ஆகவே துவக்கச் சர்வர் எப்பொழுதும் அதே கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பது இக்கணக்கின் தீர்ப்பு.

பிற இடங்களின் அனுபவம்

நூற்றுக்கணக்கான யந்திரங்களை ஒரே குழுமமாக இணைக்கும் பெரிய நிலையங்களில் வலையமைப்பு வழி நிறுவுதலே வழக்கம். 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்தின் கீழ், சி-டாக் நிறுவனம் பரம் வரிசைக் கணிப்பொறிகளை உயர்கல்வி நிலையங்களில் அமைத்து வந்தது. வாராணசியில் 2019-ல் இயங்கத் தொடங்கிய பரம் சிவாய் அவற்றுள் ஒன்று. அதன் கணுக்களில் லினக்ஸை ஏற்றும் பணிக்கு எக்ஸ்கேட் என்னும் மென்பொருள் அமர்த்தப்பட்டது. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பெற்ற 838 டெராஃப்ளாப் ஆற்றலுடைய பரம் பொருள் இவ்வரிசையைச் சேர்ந்ததே. இத்தகைய நிலையங்களில் வலையமைப்பு வேகமானது, மின்சாரம் இடையறாதது, முழு நேர வல்லுநரும் உண்டு. ஆகவே பாதகங்கள் மறைந்து சாதகங்கள் மட்டும் எஞ்சுகின்றன.

பள்ளிகளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007-ல் சூசே லினக்ஸை மேற்கொண்டது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், மற்றொரு தளத்துடன் சேர்த்து ஏற்றப்பட்டது. இவை மாணவர் கைக்கு வருமுன்னரே தளம் ஏற்றப்பட்டவை; எனவே பள்ளியின் கம்பியைச் சார்ந்திருக்கவில்லை. கேரளத்தில் 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கென உபுண்டு 18.04 அடிப்படையிலான தளம் தயாரிக்கப்பட்டது. அது பள்ளிக்கு வேண்டிய மென்பொருள்களை எல்லாம் ஒரே தொகுப்பில் அடக்கியிருந்தது. இவ்வாறு முழுத் தொகுப்பை முன்னரே ஆயத்தம் செய்தல், ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே இணையத்தை நாடும் தேவையைக் குறைக்கிறது.

இவ்வட்டாரத்துக்கு ஏற்ற வழி

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ‘வலையமைப்பு’ என்று ஒன்றாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு: ஊருக்கு வரும் வெளிக்கம்பி ஒன்று; கட்டடத்துக்குள் ஓடும் உள்கம்பி மற்றொன்று. பாதகங்களுள் பல வெளிக்கம்பியால் விளைபவை. சாதகங்களுள் பெரும்பாலானவை உள்கம்பியைக் கொண்டே பெறக்கூடியவை.

திருப்பதியிலுள்ள உயர்கல்வி நிலையங்களுக்கு இவ்விரண்டும் வலுவானவை. 2010-ல் அரசின் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, உயர்கல்வி நிலையங்களையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் மிகு வேகத்தில் இணைப்பதற்கென்றே அமைந்தது. விநாடிக்கு 1,000 மெகாபிட் வெளிக்கம்பி உள்ள இடத்தில், மேலே 17 மணிக்கு மேல் என்று கண்ட வேலை 11 நிமிட இறக்கமாகச் சுருங்கும். அங்கு முழுத் துவக்க முறையைத் தயக்கமின்றி மேற்கொள்ளலாம். வளாகத்தின் வலையமைப்புப் பொறுப்பாளரின் இசைவு மட்டும் முன்னதாகப் பெறவேண்டும்.

கிராமப்புறப் பள்ளிகளுக்கு நிலைமை அவ்வாறில்லை. ஊராட்சிதோறும் குறைந்தது 100 மெகாபிட் வேகம் என்பது பாரத்நெட் திட்டத்தின் குறிக்கோள். ஆந்திர மாநிலத்தில் 2015-ல் தோன்றிய மாநில ஃபைபர்நெட் நிறுவனம் மின் கம்பங்களின் மீதே கண்ணாடி இழைகளைக் கொண்டு சென்றது. எனினும் ஊராட்சி வரை வந்த இழை பள்ளி வரை வருவதும், வந்தது அறாமல் இருப்பதும் வேறு வேறு செய்திகள். இப்பள்ளிகளுக்கு ஏற்றது கலப்பு முறையே ஆகும். வலுவான வெளிக்கம்பி உள்ள இடத்தில், மாவட்டத் தலைநகரிலோ கல்லூரியிலோ, ஒரு மடிக்கணினியைச் சர்வராக ஆயத்தம் செய்து, வேண்டிய பொதிகளை அதில் தேக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் அம்மடிக்கணினியையும் ஒரு சிறு சுவிட்சையும் பள்ளிக்கு எடுத்துச் சென்று, உள்கம்பி வழியே நிறுவவேண்டும். இம்முறையில் பள்ளியின் இணையம் அறுந்திருந்தாலும் வேலை தடைப்படாது. ஒரே களப்பணியாளர் ஒரே சர்வரைக் கொண்டு பல பள்ளிகளுக்குப் பணி செய்யலாம்.

ஐந்து யந்திரங்களுக்குக் குறைவாக உள்ள பள்ளியில் இவ்வளவு ஏற்பாடும் மிகை. அங்குப் பென் டிரைவே சிறந்தது. சர்வரை ஆயத்தம் செய்யும் நேரம், முழு வேலையை விடவும் நீண்டுவிடும். மாணவருக்கு நிறுவும் கலையைக் கற்பிப்பதே நோக்கமாயின், யந்திரங்கள் நாற்பது இருப்பினும் சிலவற்றையேனும் கையால் நிறுவச் செய்தல் நன்று. தானே நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதன் படிகளைக் கற்பதில்லை.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நிறுவலுக்குமுன் ஒவ்வொரு யந்திரத்திலும் உள்ள கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துச் சரிபார்க்க வேண்டும். அலுவலக யந்திரத்தின் வலைக்கம்பியைச் சுவிட்சிலிருந்து கழற்றி வைத்தல் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

2. ஒவ்வொரு வலையட்டைக்கும் தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட 48 பிட் அடையாள எண் உண்டு. அவ்வெண்களைப் பட்டியலிட்டு, பட்டியலில் உள்ள யந்திரங்களுக்கு மட்டுமே நிறுவியை வழங்குமாறு சர்வரை அமைக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவை தம் வட்டிலிருந்தே துவங்குமாறு இருத்தல் வேண்டும்.

3. ரௌட்டர் முகவரி வழங்கும் இடத்தில் இரண்டாவது டி.எச்.சி.பி. சேவையைத் தொடங்கலாகாது. டி.என்.எஸ்.மாஸ்க் போன்ற மென்பொருளில், முகவரி வழங்காது துவக்கச் செய்தியை மட்டும் வழங்கும் ‘பிராக்சி’ முறை உண்டு. அதனையோ, வெளியுலகத் தொடர்பற்ற தனிச் சுவிட்சையோ கையாள வேண்டும்.

4. முதலில் ஒரே ஒரு யந்திரத்தில் நிறுவி முடிக்க வேண்டும். அதனால் விடைக் கோப்பின் பிழைகள் வெளிப்படும். தேக்கச் சர்வரிலும் பொதிகள் நிறைந்துவிடும். அதன் பின்னரே மற்றவற்றைத் துவக்கலாம்.

5. சர்வருக்கும் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். மின்காப்பு இன்றியமையாதது. மின்தடையில் ஒரு மாணவ யந்திரம் நின்றால் ஒன்றே கெடும். சுவிட்ச் நின்றால் நாற்பதும் நிற்கும்.

6. விடைக் கோப்பில் கடவுச்சொல்லைக் குறியீடாக்கிய வடிவிலேயே எழுத வேண்டும். வேலை முடிந்ததும் துவக்கச் சேவையை நிறுத்தி, யந்திரங்களின் துவக்க வரிசையில் வட்டை முதலிடத்துக்குக் கொணர வேண்டும்.

7. இணையம் அறவே அற்றுப்போகும் நாளுக்கென முழுத் தொகுப்பு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று எப்பொழுதும் கைவசம் இருக்கவேண்டும்.

முடிவுரை

வலையமைப்பின் வழியே லினக்ஸை நிறுவுதல் எல்லா இடத்துக்கும் சிறந்ததென்றோ, எந்த இடத்துக்கும் ஒவ்வாததென்றோ கூறல் இயலாது. யந்திரங்களின் எண்ணிக்கை, வெளிக்கம்பியின் வேகம், உள்கம்பியின் தரம், மின்சாரத்தின் நிலை, பொறுப்பாளரின் பயிற்சி ஆகிய ஐந்தையும் எடைபோட்டே முடிவு செய்யவேண்டும். உரிமக் கட்டணமற்ற தளம் என்பதால் லினக்ஸில் பொருட்செலவு குறைவு. ஆனால் ஆசிரியரின் நேரத்துக்கும் மாணவரின் பதிவேட்டுக்கும் விலையுண்டு. சித்தூர் மலையடிவாரப் பள்ளியின் ஆசிரியரோ, திருப்பதிக் கல்லூரியின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரோ, நிறுவத் தொடங்குமுன் தம் கம்பியின் வேகத்தை அளந்து, மேலே காட்டிய கணக்கைத் தம் எண்களால் ஒருமுறை போட்டுப் பார்ப்பாராயின், எம்முறை தமக்கு ஏற்றது என்பதை அக்கணக்கே அவருக்கு எடுத்துக் கூறும்.